ஏட்டுப் பரங்கிக்காயைக் கூட்டு வரைக்கும் கொண்டுவருவது எப்படி

சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் போன வருஷம் ஐப்பசியில் ஊருக்கு வந்தபோது, பெட்டியில் தைலம், சோப்பு, சாக்லேட் எல்லாவற்றுக்கும் அடியில் என் மகளுக்கென்று மூன்று படப்புத்தகம் வைத்திருந்தார். மூன்றும் பரங்கிக்காய்ப் புத்தகம். அக்டோபர் வந்தால் அங்கே கடையெல்லாம் இதுதானாம். மகளுக்கு அப்போது நாலரை வயது. முதல் பக்கத்தைத் திறந்தால், தரை முழுக்க ஆரஞ்சு இலை கொட்டிக் கிடக்க, கம்பளிச் சட்டை போட்ட ஒரு பிள்ளை தன்னைவிடப் பெரிய பரங்கிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. இங்கே தகரக் கூரையில் மழை தடதடவென்று அடிக்கிறது. "இது எந்த ஊரும்மா?" என்று கேட்டாள். நான் ஏதோ மழுப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். மூன்றே நாளில் புத்தகம் கட்டிலுக்கு அடியில்.

அடுத்த வாரம் என் மாமியார் சந்தையிலிருந்து ஒரு முழுப் பரங்கிக்காயைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். மகள் அதை ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போய் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து காய்க்குப் பக்கத்தில் விரித்து வைத்து, மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு உறைத்தது அப்போதுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மா சொல்லவில்லை. ஆனால் ஏட்டையும் காயையும் ஒரே பாயில் வைத்தால் உதவும். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஐந்தாறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டரை வயதிலிருந்து ஆறு வயது வரைக்கும் ஒத்துவரும்.

முதலில் பருவக் குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள். அந்தப் புத்தகங்களில் வருவது இலையுதிர்காலம். குளிர் நாடுகளில் பகல் குறுகிக்கொண்டே வரும்போது இலையில் இருக்கிற பச்சையம் சிதைந்துபோகும், பச்சை போனதும் இலைக்குள் ஏற்கெனவே இருந்த மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே தெரியும். பரங்கிக்காய்க்கு நிறம் கொடுக்கிற கரோட்டின் வகைச் சாயம்தான் அந்த இலைகளிலும் இருக்கிறது, அதனால்தான் அந்தப் பக்கம் முழுக்க ஒரே நிறமாக இருக்கிறது. நமக்கு அதே மாசங்கள் ஐப்பசியும் கார்த்திகையும், பழைய தமிழில் கூதிர்காலம். நம் ராமநாதபுரம் கரையில் எல்லாம் தலைகீழ். ஆடியில் கச்சான் காற்று அடித்து மண்ணை வாரி இறைத்த பொட்டலெல்லாம் அப்போதுதான் பச்சை பிடிக்கும், கண்மாயில் தண்ணீர் ஏறும், வாடைக்காற்று திரும்பும், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் படகெல்லாம் கரையில் நிற்கும். மகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அந்த ஊர்ல இப்ப மரம் தூங்கப் போகுது, நம்ம ஊர்ல இப்பத்தான் முழிக்குது." அதற்குமேல் அவள் கேட்கவில்லை. நாலரை வயதுக்கு அது போதும்.

பெயரையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. புத்தகத்தில் பூசணி என்று போட்டிருப்பார்கள், என் மாமியாருக்கு அது பரங்கிக்காய், கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த என் சித்தி மகளுக்கு அரசாணிக்காய். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த காய், பரங்கியர் கொண்டுவந்ததால் பரங்கி. வெள்ளைப் பூசணி வேறு. பிள்ளைகள் இந்த மூன்று பெயரையும் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள், குழம்புவது நாம்தான்.

புத்தகத்துக்கு எங்கே போவது

சிங்கப்பூரில் அண்ணன் இருக்க வேண்டியதில்லை. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளமாகக் கிடக்கின்றன, காசு கிடையாது, பதிவிறக்கி அச்செடுத்துக்கொள்ளவும் செய்யலாம். பூசணி என்று தேடுங்கள், கிடைத்தது போதவில்லை என்றால் விதை, கொடி, காய்கறி, சந்தை என்று தேடுங்கள். கையில் பிடிக்கப் புத்தகம் வேண்டும் என்றால் தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட் இரண்டிலும் சின்னப் பிள்ளைகளுக்கான தமிழ்ப் படப்புத்தகங்கள் உண்டு. செல்லில் படிப்பதானால் மழைக்கு முன்பே இறக்கி வைத்துவிடுங்கள், காற்று பலமாக அடித்தால் முதலில் போவது கரண்ட், அடுத்தது டவர்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. புத்தகத்தில் கொடி இருக்க வேண்டும். பரங்கிக்காய்ப் புத்தகம் என்று வருகிறவற்றில் பாதி, காய் எங்கிருந்து வந்தது என்றே காட்டாது, கடையில் குவிந்து கிடக்கும் அல்லது வாசல்படியில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விதை, பூ, பிஞ்சு, அதை மொய்க்கிற ஈ என்று ஏதாவது ஒன்று படத்தில் இருந்தால்தான் பிள்ளையைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போக வழி கிடைக்கும். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் பக்கத்துக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு.

சரி, அந்தப் பல்லைக் காட்டும் பரங்கிக்காய்? பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அது ஹாலோவீன், அக்டோபர் 31. நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்கு எல்லாப் புனிதர்களின் திருநாள், அதற்கு முந்தின ராத்திரி. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள், அமெரிக்காவுக்குப் போனவர்களுக்கு அங்கே பரங்கிக்காய் பெரிதாகவும் குடைய வசதியாகவும் கிடைத்தது. இது ஒன்றும் நமக்கு ரொம்ப தூரம் இல்லை. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்த்த பிள்ளைக்குப் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதிக்குத் தெருமுனையில் கட்டிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு புது வீட்டைக் காட்டுங்கள். முறுக்கு மீசையும் உருட்டு விழியுமாகத் திருஷ்டிப் பூசணி தொங்கிக்கொண்டிருக்கும். "அவங்க ஊர்லயும் இருக்கா!" என்று என் மகள் வாயைப் பிளந்தாள். அவர்கள் குடைகிறார்கள், நாம் வரைகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். பேய் வருகிற புத்தகத்தை மட்டும் பகலில் படித்துவிடுங்கள்.

வாசிப்பது

முதல் தடவை எழுத்தைப் படிக்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருங்கள், பிள்ளை எதைத் தொடுகிறதோ அதைப் பற்றி மட்டும் பேசுங்கள். நாம் பரங்கிக்காயைக் காட்ட நினைப்போம், அது மூலையில் இருக்கும் எலியைக் காட்டும். எலியைப் பற்றிப் பேசுங்கள். இரண்டாவது தடவை எழுத்தோடு படியுங்கள். மூன்றாவது தடவை வரியின் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு நிறுத்தினால், பிள்ளையே அதைச் சொல்லும். எத்தனை தடவை கேட்டாலும் அதே புத்தகத்தைப் படியுங்கள், நமக்குத்தான் சலிக்கும்.

இங்கிலீஷ் புத்தகமாக இருந்தால் அப்படியே மொழிபெயர்க்க மெனக்கெட வேண்டாம். ஸ்கேர்குரோ என்பது நம் சோளக்கொல்லைப் பொம்மை. பம்ப்கின் பை என்று வரும், பரங்கிக்காயைப் பூரணம் மாதிரி வைத்துச் சுட்ட பணியாரம் என்று நான் சொல்லி வைத்தேன், கொஞ்சம் பொய்தான். கதை போதவில்லை என்றால் மராத்தியர் பிள்ளைகளுக்குச் சொல்கிற ஒரு நாட்டுப்புறக் கதை இருக்கிறது: மகள் வீட்டுக்குப் போகும் பாட்டியைக் காட்டில் புலியும் நரியும் தின்னப் பார்க்க, நான் மகள் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்து வருகிறேன், அப்போது தின்னுங்கள் என்று ஏமாற்றிப் போய், திரும்பும்போது பரங்கிக்காய்க்குள் உட்கார்ந்து உருண்டே தப்பி வருவாள். படமே வேண்டாம். ஒரு பாயில் பிள்ளையைச் சுருட்டி உருட்டினால் கதை முடிந்தது. எங்கள் தெருவில் இன்னும் அதுதான் முதலிடம்.

இப்போது காய்

ஒன்றரை, இரண்டு கிலோவில் முழுக் காயாக, காம்போடு வாங்குங்கள். நகத்தால் அழுத்தினால் தோல் இறங்கக் கூடாது, தட்டினால் வெற்றுக் குடம் மாதிரி சத்தம் வர வேண்டும். வெட்டாத வரைக்கும் வாரக்கணக்கில் கெடாது. ஆனால் மழைநாளில் ஈரத் தரையில் வைத்தால் அடியில் அழுகும், பிரிமணை மேலோ சும்மாடு மாதிரி சுருட்டிய துணி மேலோ உட்கார வையுங்கள். ஒரு காய்க்கு ஒரு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் பிள்ளைக்கும் அலுப்பு, உங்களுக்கும் இடுப்பு வலி.

முதல் நாள் தண்ணீர்த் தொட்டி. காயைப் போட்டால் முங்குமா, மிதக்குமா? எல்லாரும் முங்கும் என்றார்கள், நாட்டுப்படகுக்காரர் மகன் ஒருத்தன் மட்டும் "மிதவை மாதிரி மிதக்கும்" என்றான், எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மிதந்தது. அடுத்து ஒரு சின்ன உருளைக்கிழங்கைப் போடுங்கள், கல் மாதிரி இறங்கும். சின்னது முங்குகிறது, பெரியது மிதக்கிறது என்கிற குழப்பத்தை அப்படியே விட்டுவிடுங்கள். நாலு நாள் கழித்துக் காயை வெட்டும்போது உள்ளே கூடாக இருப்பதைப் பார்த்து அவர்களே கண்டுபிடிப்பார்கள். நாங்கள் அப்படித்தான் விட்டோம், இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள், மற்றவர்களுக்கு விதைதான் முக்கியமாகப் போய்விட்டது. தொட்டியில் தண்ணீர் இருக்கும் நேரம் முழுக்கப் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அடுப்பைப் பார்க்கப் போய் வருகிறேன் என்கிற கதையே ஆகாது.

அடுத்த நாள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது. சோற்றை வீணாக்க வேண்டாம், மணல் போதும், நம் ஊரில் மணலுக்கா பஞ்சம். ஒரு தாம்பாளத்தில் காயை வைத்து, ஆளுக்கொரு கொட்டாங்குச்சியைக் கொடுத்து, கண்ணுக்குத் தெரியாமல் மூடுங்கள் என்று சொன்னால் அரைமணி நேரம் நிம்மதி. மூட மூடச் சரியும், காம்பு எட்டிப் பார்க்கும். அதன் பிறகு பழமொழியைச் சொல்லுங்கள். இப்போதெல்லாம் வாய் முழுக்கச் சாக்லேட்டோடு நான் தின்னவில்லை என்று யாராவது சொன்னால், மற்ற பிள்ளைகளே "காம்பு தெரியுது" என்று கத்துகிறார்கள்.

முகம் வரைவதற்கு அடுப்புக்கரியும் சாக்பீஸும் எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிவிட்டு மறுபடி வரையலாம், காலையில் சிரித்த முகம், சாயங்காலம் அழுமூஞ்சி. குடைய வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நாடுகளில் அக்டோபர் குளிரில் அது தாங்கும், நம் புழுக்கத்தில் இரண்டாம் நாளே பூஞ்சை பிடித்து, கொசு மாதிரி பழ ஈ மொய்த்து, வீடே நாறும். போன வருஷம் அண்ணன் ஆசைப்பட்டார் என்று ஒன்றைக் குடைந்தோம், அதைக் குப்பையில் போடும்போது அடி தனியாகக் கழன்று என் காலிலேயே விழுந்தது.

பரங்கிக்காய் நிறத்துக்கு வண்ணப் பெட்டி தேவையில்லை. மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பைத் துளியாகத் தொட்டுக் கலக்கினால் மஞ்சள் ஆரஞ்சாகும், இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவக்கும். பிள்ளைகள் கண் முன்னால் நிறம் மாறுவதைப் பார்த்தால் மந்திரம் செய்த மாதிரி இருப்பார்கள். சுண்ணாம்பை மட்டும் நீங்களே கையாளுங்கள், கண்ணில் பட்டால் புண்ணாகிவிடும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி இதில் தொட்டு அச்சுக் குத்தினால் பூ.

வெட்டுகிற நாள்தான் திருவிழா. அரிவாள்மணை உங்கள் கையில், மற்றதெல்லாம் அவர்கள் கையில். உள்ளே கையை விட்டு நாரையும் விதையையும் பிய்த்து எடுக்கச் சொல்லுங்கள், சிலருக்கு அந்த வழவழப்பு பிடிக்காது, கட்டாயப்படுத்தாதீர்கள், ஒரு கரண்டியைக் கொடுத்துவிடுங்கள். வெட்டுவதற்கு முன்பே எத்தனை விதை இருக்கும் என்று ஆளாளுக்கு ஒரு எண் சொல்லிவிட வேண்டும். மூன்று வயதுக்காரி "பத்து" என்றாள், ஆறு வயதுக்காரன் "ஆயிரம்". விதையைக் கழுவிப் பல்லாங்குழியில் குழிக்கு ஐந்தாகப் போட்டால் 14 குழிக்கு 70, ஒரு சுற்று முடிந்ததும் கொட்டிவிட்டு மறுசுற்று. எங்கள் காயில் நாலு சுற்று முடிந்து 32 மிச்சம், 312. பல்லாங்குழி இல்லாவிட்டால் மணலில் குழி தோண்டிக்கொள்ளுங்கள். நாலு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் விதையை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொண்டையில் சிக்கும். வறுத்த விதையைக்கூட அவர்களுக்குத் தோலுரித்துப் பொடித்துத்தான் தர வேண்டும்.

அப்புறம் கூட்டு. கால் கிலோ காயைத் தோல் சீவித் துண்டாக்கி, முங்கும் அளவு தண்ணீர்கூட வேண்டாம், பாதி ஊற்றி மூடி வேக வையுங்கள், பத்துப் பன்னிரண்டு நிமிஷம். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டியே சேர்க்க வேண்டும், சாயல்குடிப் பக்கம் வாங்கினாலும் அடியில் மண் இருக்கத்தான் செய்யும். ஒரு மூடித் தேங்காய்ப் பாலை ஊற்றி, கொதிக்கும் முன் இறக்கி, ஏலக்காய் தட்டிப் போடுங்கள். மசிக்கிற வேலை பிள்ளைகளுக்கு, ஆறிய பிறகு. பரங்கிக்காயைத் தட்டில் ஒதுக்குகிற பிள்ளைகூடத் தான் மசித்ததைத் தின்னும் என்று எழுத ஆசைதான், என் மகள் இரண்டு கரண்டியோடு நிறுத்திவிட்டாள். அடுத்த வீட்டு ராத்தா மகன் மூன்று கிண்ணம்.

மழை விட்ட நேரம்

இலை பொறுக்கப் போங்கள். நம் ஊரில் இலை நிறம் மாறாது என்று யார் சொன்னது? கடற்கரைத் தெருக்களில் நிற்கிற வாதாமரம், பாதாம் மரம் என்றும் சொல்வோமே, அதன் இலை நன்றாகச் சிவந்துதான் விழும். மொத்தமாக உதிர்ப்பது வருஷத்துக்கு இரண்டு தரம், ஆனால் ஐப்பசியிலும் அடியில் நாலு சிவப்பிலை கிடைக்கும். பூவரசில் மஞ்சள் இலை எப்போதும் உண்டு, பச்சை இலையைச் சுருட்டி முனையை நசுக்கினால் பீப்பீ. புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு மேல் அந்தச் சிவப்பிலையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளை விளக்கம் கேட்காது.

வாடை திரும்பினால் பறவைகள் வரும். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று நம் மாவட்டத்தில் கண்மாய்ச் சரணாலயங்கள் இருக்கின்றன, தண்ணீர் நின்ற பிறகு ஒரு காலை நேரம் போய்வரலாம். கடலோரம் போவதானால் அலை கடுமையான நாளில் வேண்டாம், கரை ஒதுங்கிய சொறியை, அதாவது ஜெல்லிமீனை, தொட விடாதீர்கள், செத்துக் கிடந்தாலும் அரிக்கும்.

கடைசியாக, சொந்தப் புத்தகம். ஒரு ஏ-ஃபோர் தாளை நீளவாக்கில் ஒரு தரமும் குறுக்கே இரண்டு தரமும் மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் விழும். நீளம் பாதியாகும்படி ஒருமுறை மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேல் ஒரு கட்ட அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். பிரித்தால் தாளின் நடுவில் பிளவு இருக்கும். இப்போது நீளவாக்கில் மடித்து இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால் பிளவு வாய் திறந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும், அதை ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினால் எட்டுப் பக்கப் புத்தகம், பசையே வேண்டாம். அட்டை, விதை, முளை, கொடி, பூ, பிஞ்சு, காய், கூட்டு, சரியாக எட்டு. விதைப் பக்கத்தில் நிஜ விதையை ஒட்டலாம், மைதாப் பசையில் ஒட்டினால் எறும்பு புத்தகத்தையே படித்துவிடும், கடைப் பசை வாங்கிக்கொள்ளுங்கள். என் மகளின் கூட்டுப் பக்கத்தில் படம் கிடையாது, கூட்டுக் கறைதான் இருக்கிறது.

பூ, பிஞ்சுப் பக்கங்களை நேரில் பார்க்க வேண்டுமானால் விதை போட வேண்டும். கொட்டாங்குச்சியின் கண்ணைக் குத்தித் திறந்து, மணலும் எருவும் கலந்து, இரண்டு விதை ஊன்றுங்கள், ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். அடைமழையில் ஊன்றினால் அழுகும், ஆடியோ மழை ஓய்ந்த பிறகு மார்கழியோதான் தோது. நாலு இலை விட்டதும் கூரையோரம் தரையில் மாற்றுங்கள். உவர்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், நம் பக்கம் முக்கால்வாசிச் செடி சாவது அதனால்தான். முதலில் வருகிற பூவெல்லாம் உதிர்ந்துவிடும், பிள்ளைகள் அழுவார்கள், அது ஆண்பூ, அப்படித்தான். அடியில் குட்டிக் காய் மாதிரி வீங்கியிருப்பது பெண்பூ. ஈ, வண்டு வரத்து இல்லையென்றால் காலையில் பூ சுருங்குவதற்குள் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவுக்குள் தேய்த்துவிடுங்கள். விதை போட்டதிலிருந்து முற்றிய காய் வர மூன்று மாசத்துக்குமேல் ஆகும். அதுவரை புத்தகம்.

எண்ணி முடித்த விதையில் நன்றாகப் பருத்ததைப் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். மேலே ஆடி என்று எழுதி ஒட்டுங்கள். நாங்கள் 60 வைத்தோம், ஆடியில் திறக்கும்போது 41 இருந்தது, மீதியை யார் எடுத்தது என்று கேட்டேன். "காம்பு தெரியுது" என்று மகளைப் பார்த்து எல்லாரும் கத்தினார்கள்.